கள்ளும் சம்சுவும்: தோட்டப்புறத்தை ஆட்டிவைத்த இரண்டு பானங்கள்

ஸ்காட்லாந்தில் வடிக்கப்படும் தானிய விஸ்கி, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் கிடந்த பிறகுதான் விஸ்கி என்ற பெயரைப் பெறுகிறது. 30, 40 ஆண்டுகள் கிடந்தவை அரும்பொருளாக விலை போகின்றன. அந்தக் குளிர்நாட்டில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு மட்டுமே ஆவியாகிப் போகும். பினாங்கு போன்ற வெப்பமான ஊரில் இழப்பு பல மடங்கு கூடும். அத்தனை ஆண்டு வைத்தால் பீப்பாயில் மிஞ்சுவது சொற்பமே.

மலாயாத் தமிழர் அறிந்த பானமோ இதற்கு நேர்மாறானது. கள்ளின் வயது மணிக்கணக்கில். காலையில் இறக்கியது மாலையில் புளிக்கும். ஓரிரு நாளில் காடியாகிவிடும்.

கள் எப்படி உருவாகிறது?

தென்னையின் விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்துவார்கள். பிறகு நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவி, சொட்டும் சாற்றைக் கலயத்தில் பிடிப்பார்கள். காலையும் மாலையும் மரம் ஏற வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் இனிப்பான பதநீராக நிற்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதிகள் சர்க்கரையைத் தின்று மதுசாரமாக மாற்றும்.

இப்படிக் கிடைக்கும் கள்ளில் மதுசாரம் பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு, ஏறக்குறைய பியர் அளவு. அதே நொதிதான் ஆப்ப மாவையும் பொங்க வைத்தது. மாவு புளிக்கக் கொஞ்சம் கள் சேர்ப்பது பழைய வழக்கம். புளித்த கள்ளை அடுப்பேற்றி, ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் கிடைப்பது சாராயம். அதன் வலிமை கள்ளைப் போல் பல மடங்கு.

தோட்டத்தில் கள்ளுக்கடை

ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடை, லயத்துக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. தோட்ட நிர்வாகமே உரிமம் பெற்று நடத்திய கடைகள் ஏராளம். அரசாங்கத்துக்கும் அதில் வருவாய் உண்டு. ஒரு கையால் கொடுத்த சம்பளம் இன்னொரு கையால் திரும்ப வாங்கப்படுகிறது என்று தொழிலாளர் தலைவர்கள் குறை கூறினர். கள்ளுக்கு எதிரான குரலில் உடல்நலத்தோடு கூலியும் மானமும் கலந்திருந்ததற்கு இதுவே காரணம்.

தந்தை பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தபோது முதலில் கால் வைத்த மண் பினாங்கு. கள்ளுக்கு எதிரான இயக்கத்துக்காக தம் சொந்தத் தோட்டத்துத் தென்னை மரங்கள் 500க்கும் மேல் வெட்டிச் சாய்த்தவர் என்ற செய்தி, அவரைப் பற்றி இன்றும் சொல்லப்படுவது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முன்னணியில் நின்றவர் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, மருத்துவ வசதி, துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்துக்கு முடிவு ஆகிய கோரிக்கைகளோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் சேர்ந்திருந்தது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

கெடாவில் தொண்டர் படை

பினாங்குக்கு அண்டையில் உள்ள கெடாவில், போருக்குப் பின் இந்தப் போராட்டம் வேறு வடிவம் எடுத்தது. 1946இல் பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. தோட்ட இளைஞர்கள் சீருடை அணிந்து அணிவகுத்தனர். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தனர். குடித்துவிட்டு வந்தவர்களைத் தாங்களே தண்டித்ததும் உண்டு. அந்தக் கடுமை எல்லாருக்கும் உவப்பாக இருக்கவில்லை. ஆனாலும் அக்கம்பக்கத் தோட்டங்களுக்கு இயக்கம் பரவியது.

1947 தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் காவல்துறைக்கும் தொழிலாளருக்கும் மோதல் வெடித்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார், பலர் கைதாயினர். கள்ளுக்கடையை மூடச் சொல்லி எழுந்த கூட்டம், தோட்ட நிர்வாகத்தின் கண்ணுக்குக் கலகமாகவே தெரிந்தது.

கள் இருந்த இடத்தில் சம்சு

இன்று கள் இறக்கவும் விற்கவும் 1976ஆம் ஆண்டு கலால் சட்டத்தின் கீழ் உரிமம் தேவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபின் கள்ளுக்கடைகள் அருகிவிட்டன. ஆனால் குடி குறையவில்லை. கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்துக்கொண்டது.

சம்சு என்பது காய்ச்சி வடித்த மலிவான மதுவுக்கு இங்கு வழங்கும் பெயர். சிறு புட்டிகளில், கையில் உள்ள சில்லறைக்கு ஏற்ப மளிகைக் கடையிலேயே கிடைத்தது. உடல் வலிக்கு நல்லது, தெம்பு தரும் என்று மருந்து போல் விளம்பரப்படுத்தப்பட்டதும் உண்டு. ஒரு கோப்பைக் கள்ளுக்கும் அதே அளவு சம்சுவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பழைய குடிகாரர் பலர் உணரவில்லை. கை பழகிய அளவு அதேதான். உள்ளே போன மதுசாரமோ பல மடங்கு.

ஜோர்ஜ்டவுனைத் தலைமையிடமாகக் கொண்ட பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதை எதிர்த்துப் பல்லாண்டுகள் பிரசாரம் செய்தது. அதன் தலைவராக நெடுங்காலம் இருந்து 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், மலிவு மது ஏழைக் குடும்பத்தின் சோற்றுப் பானையைக் காலி செய்கிறது என்பதை ஓயாமல் எடுத்துரைத்தவர். 2017 டிசம்பர் முதல் மது வாங்கும் குறைந்த வயது 18இலிருந்து 21ஆக உயர்ந்தது. கலப்பு வகை வன்மதுவைச் சிறு புட்டிகளில் விற்பதற்கும் தடை வந்தது.

கள்ளச் சரக்கின் ஆபத்து

வரி கூடும்போது உரிமமில்லாத சரக்கு தலையெடுக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள்.

மெத்தனாலை நாக்கு கண்டுபிடிக்காது. மணமும் சுவையும் சாதாரண மதுவைப் போலவே இருக்கும். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. குடித்து 12 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பிறகு தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல் வரும். பார்வை பனி மூடியது போல் மங்கும். போதை தெளியட்டும் என்று படுக்க வைப்பதுதான் பெரிய தவறு. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உயிரையும் பார்வையையும் காக்கக்கூடும். குடித்த புட்டி இருந்தால் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். ஒரே புட்டியில் பங்கிட்டுக் குடித்தவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களையும் உடன் அழைத்துச் செல்வது அவசியம்.