ஆர்.எஸ்.புரத்தில் காட்டுக்கு ஒரு வீடு பிறந்த கதை

ரத்தினசபாபதி முதலியாரின் பெயர் கோவையின் இந்தப் பகுதிக்கு வருவதற்கு முன்பே, காட்டைப் படிக்க இங்கே ஓர் இடம் அமைந்துவிட்டது. கௌலி பிரவுன் சாலையில் மரங்களுக்குப் பின்னால் நிற்கும் காஸ் வன அருங்காட்சியகம்தான் அது.

ஹொரேஸ் ஆர்ச்சிபால்டு காஸ் கோவை வட்டத்தின் வனக் காப்பாளர். மலை மலையாகச் சுற்றிய அவர், மரத்துண்டு, விதை, பூச்சி, கொம்பு, எலும்பு என்று சேர்த்ததையெல்லாம் ஓரிடத்தில் வைக்க விரும்பினார். 1902-இல் சென்னை மாகாண ஆளுநர் ஆம்ப்தில் பிரபு அந்த அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். பத்தாண்டு கழித்து, 1912-இல், வனக் கல்லூரி வந்தது. அதன் முதல்வர் கௌலி பிரவுனின் பெயர்தான் இன்று அந்தச் சாலைக்கு. 1915-இல் அருங்காட்சியகம் இப்போதைய கட்டடத்துக்கு மாறியது. காட்டுக்குப் போகுமுன் காட்டைத் தொட்டுப் பார்த்துப் படிக்க மாணவர்களுக்கு அது வகுப்பறை ஆனது.

அது துப்பாக்கியின் காலம். சிறுத்தையைக் கொன்றவருக்கு அரசே பரிசுப் பணம் கொடுத்தது. ஒரு விலங்கு எப்படி இருக்கும் என்பதை அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த உடல் காட்டிவிடும். எப்படி வாழும் என்பதைக் காட்டாது. சிறுத்தை விஷயத்தில் நமக்குத் தேவைப்படுவது இரண்டாவதுதான்.

அதைப் புரிந்துகொள்ள இன்னொரு பூனையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்கக் கண்டங்களில் மலைச் சிங்கம் என்றொரு பூனை உண்டு. கனடா முதல் ஆண்டிஸ் மலையின் தென்முனை வரை அதன் ராஜ்ஜியம். பெயரில்தான் சிங்கம், அதற்குக் கர்ஜிக்கத் தெரியாது. வீட்டுப் பூனையைப் போல் குறுகுறுக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் அதன் இடத்தில் இருப்பது சிறுத்தை. இதன் குரல் ரம்பம் மரத்தை அறுப்பதுபோல் வரும். இரண்டுமே தனியாகத் திரிபவை, துரத்தி ஓடாமல் பதுங்கிப் பாய்பவை. அடித்த இரையை மலைச் சிங்கம் சருகும் மண்ணும் போட்டு மூடிவைக்கும். சிறுத்தை கவ்விக்கொண்டு மரமேறிவிடும், இல்லாவிட்டால் புதருக்குள் இழுத்துவிடும். புலியும் செந்நாயும் உலவும் ஆனைமலையில் அந்த மரமேற்றம் உயிர்ப் பிரச்சினை.

தாய்ச் சிறுத்தை சுமார் மூன்று மாதம் சுமந்து இரண்டு மூன்று குட்டி போடும். பிறக்கும்போது குட்டிகளுக்குக் கண் திறந்திருக்காது. பாறை இடுக்கிலிருந்து இன்னோர் இடுக்குக்கு வாயில் கவ்வி மாற்றிக்கொண்டே இருப்பாள். ஒன்றரை ஆண்டு போல அவளோடு இருந்து வேட்டை கற்ற பிறகு, ஒவ்வொன்றும் தனக்கென ஓரிடம் தேடிப் போக வேண்டும். கோவையின் தடாகம், மருதமலைப் பக்கம் வீட்டுச் சுவரோரம் தடம் பதிப்பதில் அப்படி இடம் தேடி வரும் இளசுகளும் உண்டு. மான், காட்டுப்பன்றி, மயில், எலி, நாய், எது கிடைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். வால்பாறையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குடியிருக்கிறது.

ஆட்டுப்பட்டியில் ஓர் ஆடு போனால் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு போகிறது. அந்த வலியைச் சின்னதாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு பதில் துப்பாக்கி அல்ல. 2022 ஜனவரியில் கோவை பி.கே.புதூரில் ஒரு சிறுத்தை கிடங்குக்குள் புகுந்துகொண்டது. வனத்துறையினர் வாசலில் கூண்டு வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஏறக்குறைய ஐந்து நாள். கடைசியில் அதுவே நடந்து கூண்டுக்குள் வந்தது. அந்தப் பொறுமையை நான் நம் ஊரின் பெருமை என்றே சொல்வேன். சிறுத்தையின் வாழ்க்கை தெரிந்தவர்களுக்குத்தான் அப்படிக் காத்திருக்க முடியும்.

காஸ் அருங்காட்சியகம் இன்று வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. பிள்ளைகளை ஒருநாள் அங்கே கூட்டிப் போங்கள். வெளியே வந்ததும் மேற்கே தெரியும் மலையைக் காட்டி, அங்கே இருக்கும் சிறுத்தை எப்படி வாழ்கிறது என்பதையும் சொல்லுங்கள். நம் தெருவுக்கு ஒரு சிறுத்தை வந்தால் செல்போனோடு கூட்டம் கூடாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, அது திரும்பிப் போக வழி விடுங்கள்.