வீட்டுக்கு வந்த விருந்தாளி



ஒட்டன்சத்திரத்துக் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவமனையை அறியாத குடும்பம் நம் சபையில் இராது. பிரசவத்துக்கோ காய்ச்சலுக்கோ ஏதாவது ஒரு தலைமுறையில் நம்மில் ஒருவர் பழனி சாலையில் அங்கே சென்றிருப்பார். 1955-இல் மருத்துவர்கள் ஏ. கே. தரியனும் ஜேக்கப் செரியனும் கேரளத்திலிருந்து வந்து அதைத் தொடங்கினார்கள் என்பதும் மூத்தோர் பலருக்குத் தெரியும். அவர்களை இந்த வறண்ட பூமிக்கு அழைத்தவர் யார் என்று வேதபாட வகுப்பில் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவர் பெயர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான். 1898-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பிறந்தவர். 1925-இல் அமெரிக்க மதுரை மிஷனின் ஊழியராக வந்தார். 1834-இல் மதுரையிலும், மறு ஆண்டே திண்டுக்கல்லிலும் பணி தொடங்கிய மிஷன் அது. நம் பகுதியின் பழைய ஆலயங்களும் பள்ளிகளும் பல அதன் விதைப்பே.

அக்காலத்தில் பிரிட்டிஷார் அல்லாத மிஷனரிகள், சட்டப்படி அமைந்த அரசாங்கத்துக்கு உரிய கீழ்ப்படிதலும் மரியாதையும் காட்டுவோம் என்று உறுதி கூறியே இந்நாட்டில் ஊழியம் செய்ய முடியும். அந்த உறுதிமொழிக்கும் சுவிசேஷத்துக்கும் மோதல் வராது என்று பலர் நம்பினார்கள். 1930-இல் மோதல் ஒரு மனிதனின் உருவில் வந்தது. ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர், குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன் காந்தியடிகள் வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துச் சென்றவர் அவரே. கதர் உடுத்த அந்த இளைஞர் மதுரைக்கு வந்தபோது கெய்தான் தம் வீட்டில் தங்க இடம் கொடுத்தார். அவர் குண்டு வைக்கவில்லை, கலகம் மூட்டவில்லை; ஒரு விசுவாசிக்குச் சோறும் பாயும் கொடுத்தார். அதற்காக அவர் இந்தியாவை விட்டு வெளியேற நேர்ந்தது.

மிஷனின் பெரியவர்களை எளிதில் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பள்ளிகளுக்கு வரும் அரசு மானியம், மருத்துவமனைகள், நூற்றுக்கணக்கான உபாத்திமார்களின் சம்பளம் எல்லாம் ஆட்சியாளரின் முகக்குறிப்பை நம்பி நின்றன. ஒரு விருந்தாளிக்காக இத்தனையையும் பணயம் வைப்பதா என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். ஆயினும், அந்நியனைச் சேர்த்துக்கொள்வதைப் பற்றி ஆண்டவர் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் பேசும்போது, வந்தவனால் நமக்கு என்ன நஷ்டம் என்று கணக்குப் பார்க்கச் சொல்லவில்லையே!

கெய்தான் சில ஆண்டுகளில் திரும்பி வந்தார். 1937-இல் சமயங்களைக் குறித்துக் காந்தியடிகளோடு அவர் நிகழ்த்திய உரையாடல் 'ஹரிஜன்' இதழில் வெளியாயிற்று. 1944-இல் மறுபடியும் நாடுகடத்தப்பட்டார். 1947-இல் மறுபடியும் வந்தார். அதே ஆண்டு சின்னாளபட்டி அருகே சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தின் ஆரம்பகாலப் பணிகளில் அவருக்கும் பங்குண்டு. பின்னாளில் நிலமற்றோருக்காகப் போராடிய ஜெகந்நாதன் அவரோடு சேர்ந்து உழைத்தவர். 1984-இல் மரிக்குமளவும் கிராமமே அவருடைய ஊழியக்களமாயிருந்தது.

வீட்டுக்கு வந்தவனை ஏற்றதால் வெளியேறியவர்தான், பிற்பாடு இரு மருத்துவர்களை நம் மண்ணுக்கு வரவழைத்தார். இதை நான் முதன்முதலில் அறிந்தபோது வெகுநேரம் புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். செமினரியில் சபை வரலாற்றில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஐம்பது வயதைத் தாண்டிய பின்புதான் இவரை அறிந்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது பணியாற்றிய சபையில், தோல் ஷாப் தொழிலாளர் சிலர் சம்பள பாக்கி பற்றிப் பேச ஒரு மாலை நேரம் சபை மண்டபத்தைக் கேட்டார்கள். போலீஸ் விசாரணை வருமோ, காணிக்கை தருகிற முதலாளிகள் வருந்துவார்களோ என்று கமிட்டியில் பேசினோம். ஜெபித்தோம். பின்பு, மண்டபத்தில் வர்ணம் பூசும் வேலை நடக்கிறது என்று பதில் அனுப்பினோம். கடிதத்தில் கையெழுத்து என்னுடையது. வர்ணம் பூசியது அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான்.

இப்போதைய சபையிலும் அதைப் போன்றதொரு விண்ணப்பம் வந்திருக்கிறது. வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்குப் பின் கமிட்டி கூடுகிறது.