சேற்றில் முக்கி எடுக்கும் கறுப்பு: ஜப்பானிய கைச்சாய ஸ்வெட்ஷர்ட்டில் நீங்கள் காசு கொடுப்பது எதற்கு?

ஆன்லைனில் கறுப்பு காட்டன் ஸ்வெட்ஷர்ட் தேடும்போது சில சமயம் இப்படி ஒரு வரி கண்ணில் படும்: 'ஜப்பானிய பாரம்பரிய முறையில் கையால் சாயமேற்றியது'. விலையைப் பார்த்தால் சாதா ஸ்வெட்ஷர்ட்டைவிடப் பல மடங்கு. கறுப்பு கறுப்புதானே, இதில் என்ன பாரம்பரியம்?

நியாயமான கேள்விதான். அந்த வரிக்குப் பின்னால் பொதுவாக இரண்டு கைத்தொழில்களில் ஒன்று இருக்கும். ஒன்று, அமாமி ஓஷிமா தீவின் சேற்றுச் சாயம். இன்னொன்று, கியோட்டோ நகரத்தின் கறுப்புச் சாயம். இரண்டும் ஒன்றல்ல. எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

சேறு எப்படிச் சாயமாகும்?

வாழைக்காய் நறுக்கினால் இரும்பு அரிவாள்மனை கறுத்துப்போகும், பார்த்திருப்பீர்கள். நரையை மறைக்க நெல்லிக்காய்ப் பொடியை இரும்புச் சட்டியில் ஊறவைப்பார்களே, அதுவும் இதே கதைதான். துவர்ப்புக்குக் காரணமான டானின், இரும்போடு சேர்ந்து காற்றும் பட்டால், தண்ணீரில் கரையாத கறுப்புப் பொருளாக மாறுகிறது. அமாமியில் நடப்பதும் இதுதான். அங்கே டானினைத் தருவது ஒரு மரம். இரும்பைத் தருவது சேறு. வெளியே தயாரித்த கறுப்பை யாரும் துணியில் பூசுவதில்லை. அந்த நிறம் நூலுக்குள்ளேயே உருவாகிறது.

அமாமி ஓஷிமா, கியூஷுவுக்கும் ஒக்கினாவாவுக்கும் நடுவில், ககோஷிமா மாகாணத்தைச் சேர்ந்த தீவு. அங்கே 'தெச்சிகி' என்று அழைக்கப்படும் மரத்தைச் சிறு சிறு துண்டாக வெட்டி, பல மணி நேரம் கொதிக்கவைத்துச் செம்பழுப்புச் சாறு எடுக்கிறார்கள். அதில் நூலை முக்கிப் பிசைவது, சுண்ணாம்பு நீர் சேர்ப்பது, மறுபடி முக்குவது என்று சுமார் 20 தடவை. பிறகு சேற்றுக் குட்டைக்குள் இடுப்பளவு இறங்கி ஒரு தடவை முக்கி எடுப்பார்கள். இது ஒரு சுற்று. இப்படி மூன்று நான்கு சுற்று. நான்கு சுற்று என்று கணக்குப் போட்டால் 80 முக்கலைத் தாண்டும். குட்டையில் இரும்பு குறைந்துவிட்டால், சைகஸ் இலைகளைப் போட்டுச் சேற்றை மறுபடி தயார் செய்வது தீவின் வழக்கம். இந்த வேலைக்குப் பெயர் 'தொரோசோமே'. தொரோ என்றால் சேறு. சோமே என்றால் சாயமிடுதல்.

1720-ல் சத்சுமா ஆட்சியாளர்கள் தீவு மக்கள் பட்டு உடுத்தத் தடை போட்டார்கள். ஒரு பெண் தன் பட்டுத் துணியைச் சேற்றுவயலில் ஒளித்துவைக்க, எடுத்துப் பார்த்தபோது அது அழகான கறுப்பாகியிருந்ததாம். கதையாகவே வைத்துக்கொள்ளலாம்.

பட்டிலிருந்து ஸ்வெட்ஷர்ட்டுக்கு ஏன் வந்தார்கள்?

காரணம் ஒரே ஒரு எண்ணில் இருக்கிறது. இந்தச் சாயத்தின் அசல் வாடிக்கையாளர் 'ஓஷிமா ட்சுமுகி' என்ற பட்டுக் கிமோனோ துணி. 1970-களின் தொடக்கத்தில் அமாமியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 லட்சம் துண்டுகள் நெய்தார்கள். ஒரு துண்டு என்பது ஒரு கிமோனோவுக்குப் போதுமான, சுமார் 12 மீட்டர் துணி. இப்போது சில ஆயிரம் துண்டுகள்தான். கிமோனோ உடுத்துபவர்கள் குறைந்தால் சாயக்காரருக்கும் வேலை குறையும். அதனால்தான் டி-ஷர்ட், ஜீன்ஸ், ஸ்வெட்ஷர்ட் எல்லாம் சேற்றுக் குட்டைக்கு வருகின்றன. இதைக் கலப்படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குட்டையில் இறங்க ஆள் இருந்தால்தான் கைப்பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

ஆனால் சில வித்தியாசங்கள் இருக்கின்றன. ஓஷிமா ட்சுமுகியின் சங்க முத்திரை பட்டுத் துணிக்குத்தான். உங்கள் ஸ்வெட்ஷர்ட்டுக்கு அது பொருந்தாது. பட்டில் நூலுக்குச் சாயமிட்டு அப்புறம் நெய்வார்கள். ஸ்வெட்ஷர்ட்டைத் தைத்து முடித்த பிறகு முழுசாக முக்குகிறார்கள். பருத்தி, பட்டைப் போலச் சாயத்தை இழுக்காது. சில முக்கலோடு நிறுத்தினால் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம்தான் வரும். அதனால் ஆழமான கறுப்பு வேண்டுமென்றால் முதலில் நீலச்சாயம் ஏற்றிவிட்டு, அதன் மேல் சேற்றுச் சாயம் இடுவதும் உண்டு. எத்தனை முக்கல், அடியில் நீலம் உண்டா: விற்பவரிடம் கேட்க வேண்டியது இந்த இரண்டும்தான்.

இரும்புக் கறுப்பு நம் பக்கமும் புதிதல்ல. ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரியில், கடுக்காயும் பாலும் ஊறிய பருத்தித் துணியில், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரால் கறுப்புக் கோடு போடுவார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பழைய துணிகளில், அந்தக் கறுப்புக் கோடுகள் மட்டும் இற்றுப்போயிருப்பதை அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். துணியில் தங்கும் இரும்பு காலப்போக்கில் பருத்தி இழையை அரிக்கும். இயற்கைச் சாயம் என்றால் துணிக்கு எந்தக் கெடுதலும் இல்லை என்று விளம்பரம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். மிச்ச இரும்பை எவ்வளவு நன்றாக அலசினார்கள் என்பதில்தான் ஆயுள் இருக்கிறது.

சரி, கியோட்டோ கறுப்பு?

அது குடும்பச் சின்னம் பொறித்த கறுப்புக் கிமோனோவுக்கான சாயம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் உடுத்துவது. 1979-ல் ஜப்பான் அரசு இதைப் பாரம்பரியக் கைத்தொழிலாக அங்கீகரித்தது. முதலில் சிவப்பு அல்லது நீலத்தில் அடிச்சாயம், மேலே கறுப்பு என்பது இதன் நுட்பம். இன்று பெரும்பாலும் செயற்கைச் சாயம்தான். நுட்பம் பழையது, வேதிப்பொருள் புதியது. கிமோனோ வேலை குறைந்துபோனதால், கறைபட்ட, வெளுத்த உடைகளை வாங்கிக் கறுப்பாக்கித் தரும் வேலையையும் அங்கே செய்கிறார்கள். பருத்தியும் கம்பளியும் கறுக்கும்; பாலியஸ்டர் தையல் நூல் மட்டும் பழைய நிறத்திலேயே பல்லிளிக்கும். கறுப்புத் துணியில் வேறு நிறத் தையல் தெரிந்தால், தைத்த பிறகு முக்கியது என்று ஊகிக்கலாம்.

சேற்றுச் சாய ஸ்வெட்ஷர்ட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், மென்மையான சோப்பில் தனியாகத் துவைத்து, நிழலில் காயப்போடுங்கள். புளிப்பு ஆகாது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ தெறித்தால் அந்த இடத்தில் இரும்பு கழன்று, கறுப்பு பழுப்பாகிவிடும். தெறித்தவுடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள்.