வழி சொன்ன கற்கள்: சேலம், நாமக்கல் சமவெளியின் ஊர்ச் சின்னங்கள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிக்கு வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கொல்லிமலையும் அரண். மேட்டூரில் மலையை விட்டு இறங்கும் காவிரி மேற்கிலும் தெற்கிலும் அதற்கு வரம்பு. ஆத்தூர் பக்கம் வசிஷ்ட நதி ஓடும் பள்ளத்தாக்கு மட்டும் கிழக்கு நோக்கித் திறந்து கிடக்கிறது. பேரரசுகள் இங்கே தலைநகர் அமைத்தது அரிது. ஆனால் கொங்கிலிருந்து தொண்டை நாட்டுக்கும், மைசூரிலிருந்து சோழ நாட்டுக்கும் போனவர்கள் இந்த மண்ணைக் கடந்தே போனார்கள். அதனால் இங்குள்ள ஊர்ச் சின்னங்களில் பல, வழியோடும் வழிப்போக்கரோடும் பிறந்தவை. அவற்றைக் காண சைக்கிளே ஏற்ற வாகனம். காரில் போகிறவர் கண்ணில் படாத கல், மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் கண்ணில் பட்டுவிடும்.

இந்த வரலாற்றை ஆறகழூரிலிருந்து தொடங்குவதுதான் முறை. தலைவாசலுக்குப் பக்கத்தில், வசிஷ்ட நதிக்கரையில் இருக்கும் இந்தச் சிற்றூர், சோழர் ஆட்சியின் பிற்பகுதியில் மகதை மண்டலத்தின் தலைமை ஊர். வாணகோவரையர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். ஊர்ப் பெயருக்குள்ளேயே அகழி இருக்கிறது. காமநாதீசுவரர் கோயிலும் அங்குள்ள எட்டு பைரவர்களும் பலருக்குத் தெரியும். அதைவிட அரியது இவ்வூரின் காதக்கல். ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல், அது நின்ற சாலையை மகதேசன் பெருவழி என்றும், காஞ்சிபுரத்துக்குத் தொலைவு 16 காதம் என்றும் சொல்கிறது. எழுத்தோடு பதினாறு குழிகளும் கல்லில் உண்டு. எழுத்து தெரியாத வண்டிக்காரர் குழியைத் தொட்டு எண்ணி வழியின் நீளத்தை அறிந்துகொள்ளலாம்.

இதே ஏற்பாட்டின் இன்னும் நுட்பமான வடிவம் பக்கத்து தருமபுரியில் கிடைத்திருக்கிறது. 1965 வரை அதுவும் சேலம் மாவட்டமே. அங்கே அதியமான் பெருவழியில் நின்ற கல்லொன்று நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்கிறது. அந்த எண்ணிக்கையைக் காட்ட இருபத்தொன்பது குழிகள் வெட்டப்படவில்லை. பத்துக்கு ஒரு பெரிய குழி, ஒன்றுக்கு ஒரு சிறிய குழி என்று இரண்டு பெரியதும் ஒன்பது சிறியதும் போதுமாக இருந்தன. ரோமானியர்கள் தங்கள் சாலைக் கற்களில் எண்ணைப் பொறித்தார்கள், அரசன் பெயரையும் பொறித்தார்கள். படிக்கத் தெரியாதவனுக்கும் சேர்த்து ஒரு கல்லை வெட்டிய கரிசனம் இந்தப் பெருவழிகளுக்குப் பெருமை. காதம் என்றால் எவ்வளவு தூரம் என்பதற்கு ஆறகழூர்க் கல்லே ஒரு துப்பும் தருகிறது. இன்று அங்கிருந்து காஞ்சிபுரம் சாலை வழியே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பதினாறால் வகுத்தால் ஒரு காதம் 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். பாரம் ஏற்றிய மாட்டுவண்டிக்கு அது அரை நாள் பயணம்.

ஆறகழூரை ஒட்டிய தியாகனூரில் அமர்ந்த கோலத்தில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. ஒன்றுக்குத் தியான மண்டபம் எழுந்திருக்கிறது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்டு வந்த சிலை புத்தருடையதே என்று, தொல்லியல் துறையின் ஆய்வறிக்கையை வைத்து, சென்னை உயர்நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. வணிகம் நடந்த வழியெங்கும் பௌத்தமும் நடந்திருக்கிறது என்பதற்கு இந்தச் சிலைகளே சாட்சி.

பெருவழிகளின் இன்னொரு எளிய உறுப்பு சுமைதாங்கி. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக்கல். தலைச்சுமையைக் குனியாமல் இறக்கி வைக்கவும், யார் உதவியும் இல்லாமல் திரும்பத் தூக்கிக்கொள்ளவும் ஏற்ற உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக உறவினர்கள் அதை நடுவது தமிழ்நாடெங்கும் இருந்த வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன ஒரு பாரத்துக்காக ஊரார் பாரத்தையெல்லாம் இறக்கி வைக்க இடம் செய்து கொடுத்தார்கள். தலைச்சுமை மறைந்த பிறகு சுமைதாங்கியைக் காப்பாற்ற ஆளில்லை. சாலை அகலமாகும்போது முதலில் சாய்வதும் அதுதான். இத்தனை மலிவான, இத்தனை மனிதத்தனமான ஒரு சின்னத்துக்கு ஊர்தோறும் ஒரு கணக்கெடுப்பாவது வேண்டும்.

நாமக்கல்லில் சின்னமே ஊராகிவிட்டது. சமவெளி நடுவே தனியாக எழும் ஒற்றைப் பாறை, ஏறத்தாழ 200 அடி உயரம். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஊருக்கு முன்னால் பாறைதான் தெரியும். அதன் மேற்குச் சரிவில் நரசிம்மருக்கும் கிழக்குச் சரிவில் அரங்கநாதருக்கும் குடைவரைகள். 8-ஆம் நூற்றாண்டில் அதியர் குலத்துக் குணசீலன் வெட்டுவித்தது. கல்வெட்டு அதை அதியேந்திர விஷ்ணுகிருகம் என்கிறது. நரசிம்மர் குடைவரையில் இரணியன் மடியில் கிடக்கிறான். பக்கத்தில் வராகரும் உலகளந்தவரும். உயிர்த்துடிப்பில் பல்லவர் வேலைக்கு இவை இளைத்தவை அல்ல. கணித மேதை இராமானுஜன் குடும்பத்தின் குலதெய்வமான நாமகிரித் தாயார் இங்கேதான் இருக்கிறாள். எதிரே கூரையில்லாத கருவறையில் 18 அடி ஆஞ்சநேயர்.

பாறை உச்சியில் உள்ள கோட்டை நாயக்கர் காலத்தில் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. 1768-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். அதே ஆண்டில் ஹைதர் அலி திரும்பப் பிடித்தார்.

தாரமங்கலம் போகச் சேலத்திலிருந்து 27 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். இடது கைப்பக்கம் இரும்புத்தாதுக்குப் பேர்போன கஞ்சமலை கூடவே வரும். பரங்கிப்பேட்டையில் 1830-இல் தொடங்கிய, ஹீத் என்ற ஆங்கிலேயரின் இரும்பாலைக்குத் தாது போனது சேலம் வட்டாரத்திலிருந்துதான். குச்சிக்கிழங்குப் பருவமானால் சேகோ ஆலைகளின் களங்களில் மாவு வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருக்கும். கெட்டி முதலிகள் என்ற குறுநிலத் தலைவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் எடுத்துக் கட்டிய கைலாசநாதர் கோயில் மேற்கு பார்த்தது. யானையும் குதிரையும் இழுக்கும் தேர்போல அதன் கோபுர அடித்தளம் செதுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே ஒரு யாளியின் வாய்க்குள் கல் உருண்டை உருளும், ஆனால் வெளியே வராது. கல் சங்கிலியும் உண்டு.

ஆனால் நின்று பார்க்க வேண்டியது வாலி வதம். இராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் சண்டையிடும் வாலி தெரிவான். வாலி இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். மறைந்து நின்று அம்பெய்தது சரியா தவறா என்று பல நூற்றாண்டுகளாக நடந்துவந்த வாதத்தை, தூண்கள் நிற்கும் இடத்தாலேயே சொல்லிவிட்டான் சிற்பி. இந்தக் கோயிலின் உச்சம் மாசி மாதத்தில் சில நாள் கருவறைக்குள் மாலை வெயில் விழுவது என்று பலர் சொல்வார்கள். அந்தத் தூண்களே உச்சம் என்று தோன்றுகிறது. கெட்டி முதலிகளின் ஆட்சி அதே நூற்றாண்டில் மைசூர்ப் படையால் ஒடுங்கியது. அவர்கள் பெயர் சொல்ல இந்தக் கோயிலும் ஆத்தூர்க் கோட்டையும் நிற்கின்றன.

மைசூரின் கை ஓங்கிய காலத்தின் அடையாளம் சங்ககிரி. அடிவாரத்திலிருந்து உச்சி வரை மதில் மேல் மதிலாக ஏறும் கோட்டை. விஜயநகர காலத்தில் தொடங்கி திப்பு சுல்தான் காலம் வரை வளர்ந்தது. உள்ளே பெருமாள் கோயிலும் தர்காவும் இருக்கின்றன. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து வரி போட்டார்கள். பிறகு சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறைக்கு நாற்றங்கால் இந்த மாவட்டம்தான்.

கம்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலை, 1805 ஜூலை 31 அன்று இந்தக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அது ஆடி 18. கொங்கு நாட்டார் ஆற்றங்கரையில் புதுவெள்ளத்தை வணங்கும் நாளில்தான் இங்கே நினைவஞ்சலியும் நடக்கிறது. அரை நூற்றாண்டுக்குப் பின், 1861-இல், சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை சேலத்தைத் தொட்டது. மறு ஆண்டே சங்ககிரி வழியாகப் போத்தனூர் போய்ச் சேர்ந்தது. பெருவழிகளின் காலம் அத்தோடு முடிந்தது.

ஆடி மாதத்தில் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று சங்ககிரி போகும் வழியில் எதிரே நின்று தள்ளும். விடியலில் புறப்பட்டு மேற்கே போய்விட்டு, வெயில் ஏறியதும் காற்றோடு கிழக்கே திரும்புவது நல்லது.

சங்ககிரிக்குத் தெற்கே திருச்செங்கோடு. மலைக்கு ஏறும் ஏறத்தாழ 1,200 படிகளும், பாறையில் செதுக்கிய நீண்ட நாகமும், அர்த்தநாரீசுவரரும் நூற்றாண்டுகளாக வழிபாட்டில் இருப்பவை. பக்கத்துப் புதுப்பாளையத்தில் இருக்கும் சின்னத்துக்கு உயரமே இல்லை. அங்கே ராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமத்தை 1925 பிப்ரவரி 6 அன்று பெரியார் திறந்துவைத்தார். பின்னாளில் எதிரெதிர்த் திசையில் போன இருவரும் ஒரே பந்தலில் நின்ற நாள் அது. கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு மூன்றும் ஆசிரமத்தின் வேலை. மதுவிலக்குக்காக அங்கிருந்து வந்த ‘விமோசனம்’ இதழில் ராஜாஜிக்குக் கல்கி துணை நின்றார். 1937 அக்டோபர் 1 அன்று மாகாணத்திலேயே முதல் மதுவிலக்கு சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்ததற்குப் பின்னால் இந்த ஓட்டு வீடுகளில் நடந்த பன்னிரண்டு ஆண்டு உழைப்பு இருக்கிறது.

காவிரிக்கரையில் ஜேடர்பாளையம் முதல் மோகனூர் வரை வழி நெடுகத் தென்னை, வாழை, வெற்றிலைக் கொடிக்கால். பரமத்தியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் ஜேடர்பாளையத்தில் அணை கட்டி வெட்டிய ராஜ வாய்க்கால் இன்றும் வயலுக்குப் பாய்கிறது. மோகனூர், நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் 1888-இல் பிறந்த ஊர். இந்தச் சமவெளியில் நிழலோடு மிதிக்கக் கிடைக்கும் நீண்ட வழி இதுதான்.

பழைய சின்னங்களில் சில நீருக்கடியில் இருக்கின்றன. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணை, 5,300 அடி நீளச் சுவருக்குப் பின்னால் 93.47 டிஎம்சி தண்ணீரைத் தேக்கும். அதற்காகக் காவிரியோரத்து ஊர்கள் காலி செய்யப்பட்டன. மக்கள் போனார்கள், கோயில்கள் நின்றன. நீர்மட்டம் இறங்கும் கோடையில் பண்ணவாடிப் பரிசல்துறைக்குப் போனால் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் சேற்றுக்கு மேல் தெரியும். அணை வற்றுவது டெல்டாவுக்குத் துயரச் செய்தி. பண்ணவாடியில் அந்த நாட்களில்தான், சொந்த ஊரை விட்டுப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வெடித்த வண்டல் மேல் நடந்து போய் நந்திக்குப் பூ வைக்க முடிகிறது.