நிறுத்தும் ஆற்றல்: லு மான்ஸ் கற்பித்த பாடம்

வேகமான கார்களைப் பற்றி எழுதுவோர் இயந்திரத்தின் குதிரைவலுவையே முதலில் எழுதுவர். அந்தக் காரை நிறுத்துவது எது என்பது கடைசி வரியில் வரும். சில வேளைகளில் வருவதேயில்லை. தமது காருக்கு மேம்பட்ட பிரேக் பூட்ட விரும்புவோர் விலைப்பட்டியலைப் புரட்டுமுன், பிரான்ஸின் லு மான்ஸ் 24 மணித்தியால ஓட்டப்பந்தயத்தின் வரலாற்றை ஒருமுறை புரட்டவேண்டும் என்பேன்.

பிரேக்கின் பணி, ஓட்டத்தை வெப்பமாக மாற்றி அந்த வெப்பத்தை வெளியேற்றுவதாகும். வேகம் இரு மடங்கானால் வெப்பமாக மாற்றவேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. 1950 களின் தொடக்கம் வரை அநேகமாக எல்லாக் கார்களிலும் ட்ரம் பிரேக்குகளே இருந்தன. சில்லுடன் சுழலும் ட்ரம்மின் உட்புறத்தில் பிரேக் ஷூக்கள் அழுந்தும். வெப்பம் உள்ளேயே அடைபடும். சூடேறிய ட்ரம் விரிந்து ஷூக்களை விட்டு விலகும். லைனிங்கின் பிடிப்பும் குன்றும். சாரதி எவ்வளவு மிதித்தாலும் கார் முன்போல் நிற்காது.

இதற்கு மாற்றான டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். அவர் கையாண்ட செப்பு லைனிங்குகள் விரைவில் தேய்ந்தன. அந்த யோசனை அரை நூற்றாண்டு காத்திருந்தது. பின்னர் டன்லப் நிறுவனம் விமானங்களுக்கென ஆக்கிய டிஸ்க் பிரேக்கை ஜகுவார் நிறுவனத்துடன் சேர்ந்து காருக்குக் கொண்டுவந்தது. 1953 இல் டொனி ரோல்ட், டங்கன் ஹமில்ட்டன் ஆகியோர் ஓட்டிய ஜகுவார் சீ-டைப் லு மான்ஸில் வென்றது. அந்தப் பந்தயத்தில் வெற்றியாளரின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதற் தடவை. திறந்த வெளியில் சுழலும் டிஸ்க் காற்றில் குளிர்ந்ததால், நேர்ச்சாலையின் முடிவில் மற்றவர்களை விடப் பிந்தி பிரேக் மிதிக்க அவர்களால் முடிந்தது.

அதற்கு இரண்டாண்டுகளின் பின்னர், 1955 ஜூன் 11 ஆம் திகதி மாலை, அதே பந்தயத்தில் நிகழ்ந்ததை எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது. டிஸ்க் பிரேக் பூட்டிய ஜகுவார் டீ-டைப்பை ஓட்டிவந்த மைக் ஹோதோர்ன், அணிகளின் தரிப்பிடத்தில் நிறுத்துவதற்காக வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த லான்ஸ் மக்லின் தமது ஒஸ்டின்-ஹீலியை இடப்புறம் திருப்பினார். அதற்குப் பின்னால் பெருவேகத்தில் வந்த பியர் லெவேயின் மேர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். அதன் மீது மோதி எழும்பி, மண்மேட்டில் விழுந்து சிதறியது. பார்வையாளர்கள் 80 பேருக்கும் அதிகமானோர் மாண்டனர். லெவேயும் உயிரிழந்தார். அந்த மேர்சிடிஸில் இருந்தவை ட்ரம் பிரேக்குகள். அவற்றின் சுமையைக் குறைப்பதற்காகச் சாரதியின் பின்னால் எழும்பும் காற்றுத் தடுப்புப் பலகையையும் பொருத்தியிருந்தார்கள்.

விசாரணை எந்தச் சாரதியையும் குற்றவாளியாகக் காணவில்லை. பழைய ஓடுபாதையின் அமைப்பையே சுட்டியது. டிஸ்க் பிரேக்தான் விபத்தை விளைவித்தது என்று நானும் கூறமாட்டேன். ஆயினும், ஒருவர் குறுகிய தூரத்தில் நிறுத்த முடிவது, பின்னால் வருபவரும் அவ்வாறே நிறுத்துவார் என்பதற்கு உத்தரவாதமல்ல. பந்தயத் தடத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை பொதுச் சாலைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

அவ்வாண்டே சிட்ரோன் டீ.எஸ்., மறு ஆண்டு ட்ரையம்ப் ரீ.ஆர்.3 ஆகியவை முன்சில்லுகளில் டிஸ்க் பிரேக்குடன் விற்பனைக்கு வந்தன. ஆனால் டிஸ்க்கும் வெப்பத்தை முற்றாக வென்றுவிடவில்லை. 1966 இல் லு மான்ஸை வென்ற 7 லீற்றர் ஃபோர்டு கார்கள் பாரமானவை. பந்தயத்தின் நடுவிலேயே டிஸ்க்குகளை விரைவாகக் கழற்றி மாற்றும் ஏற்பாட்டை அவற்றின் பொறியியலாளர்கள் செய்யவேண்டியிருந்தது.

இவ்வரலாற்றிலிருந்தே தெரிவின் ஒழுங்கு பிறக்கிறது. ஒரு தடவை முழுப்பலத்துடன் மிதித்தால் சில்லுகளை இறுகச் செய்யும் வலு சாதாரண பிரேக்குக்கும் உண்டு. அந்நிலையில் நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்பே. எனவே முதற் செலவு நல்ல டயருக்காகட்டும். அடுத்தது பிரேக் ஒயில். டொட் 4 வகை ஒயில் புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் உறிஞ்சிய பின் அவ்வெல்லை 155 பாகைக்கு இறங்கலாம். கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகி மிதி தரைவரை அமிழ்ந்துவிடும். மூன்றாவது பிரேக் பாட். பந்தயப் பாட்கள் சூடேறிய பின்னரே நன்கு பிடிக்கும். காலையில் வீட்டு வாசலிலிருந்து புறப்படும் காருக்கு அவை ஆபத்தானவை. மீண்டும் மீண்டும் கடுமையாக நிறுத்தவேண்டியவருக்கே பெரிய டிஸ்க்கும் பெரிய கலிப்பரும் தேவை. அப்போதும் முன், பின் சமநிலை குலையக்கூடாது. பின்சில்லுகள் முந்தி இறுகினால் கார் சுழன்றுவிடும்.

சிவப்பு வர்ணம் பூசிய கலிப்பர் கண்ணுக்கு அழகுதான். ஆனால் பத்தாவது தடவை மிதிக்கும்போதும் முதற் தடவை போலவே நிற்கும் பிரேக்கே சிறந்த பிரேக். அதைப் பூட்டிய பின்னரும், நிறுத்துமுன் பின்பார்வைக் கண்ணாடியை ஒருகணம் பார்க்கும் பழக்கம் சாரதிக்கு வேண்டும்.