ஒரே உடை, வெவ்வேறு மனிதர்: தேசிங்குராசன் கதையின் படவுருவங்களில் பாத்திரத் தனித்துவம்

ஆய்வுச் சுருக்கம்

செஞ்சிக் கோட்டையை நிலைக்களமாகக் கொண்ட தேசிங்குராசன் கதை, பாட்டாகவும் பெரிய எழுத்துப் புத்தகமாகவும் திரைப்படமாகவும் தமிழ் மக்களிடையே வழங்கி வருகிறது. இக்கதையின் நாயகன் இராசபுத்திர குலத்தவன். அவனுடைய உயிர்த்தோழன் இசுலாமியன். அவர்களை எதிர்த்தவரும் இசுலாமியரான ஆர்க்காட்டு நவாபு. எனவே, சமயத்தை உடையால் உணர்த்தும் வழக்கமான பட இலக்கணம் இக்கதையில் தோழனையும் பகைவனையும் பிரித்துக் காட்டப் போதுமானதாக இல்லை. செஞ்சி வட்டாரத்தின் சிற்பம், கூத்து, பாட்டு ஆகிய மரபுகள் பாத்திரத்தின் தனித்துவத்தை எங்கே வைக்கின்றன என்பதை ஆராய்ந்து, படக்கதைக்குரிய பாத்திர உருவாக்கத்தில் அவற்றின் பயனை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: செஞ்சி, தேசிங்குராசன், மகபத்கான், பெரிய எழுத்துப் புத்தகம், தெருக்கூத்து, படக்கதை, பாத்திர உருவாக்கம்.

முன்னுரை

எழுத்தில் ஒரு பாத்திரத்திற்குப் பெயர் ஒன்றே போதும். ‘மகபத்கான் வந்தான்’ என்று எழுதியவுடன் வந்தவன் யார் என்பது வாசகருக்கு விளங்கிவிடும். படத்தில் அவ்வாறு இல்லை. வந்தவனுக்கு முகம், உடை, நிறம், நிற்கும் நிலை ஆகிய அனைத்தையும் ஓவியர் கொடுத்தாக வேண்டும். அவ்வாறு கொடுக்கும்போது இரு கேள்விகள் எழுகின்றன. இவன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பது ஒன்று. அந்தக் கூட்டத்தில் இவன் எவ்வாறு தனித்து நிற்கிறான் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்குரிய விடை பன்மையையும், இரண்டாம் கேள்விக்குரிய விடை தனித்துவத்தையும் உருவாக்குகின்றன. முதற் கேள்வியோடு நின்றுவிடும் படம் மனிதரை வரையாமல் வகையை மட்டுமே வரைகிறது. தேசிங்குராசன் கதை இச்சிக்கலைத் தெளிவாக முன்வைக்கிறது.

வரலாற்றுப் பின்புலம்

செஞ்சிக் கோட்டை இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை இணைத்து எழுந்தது. 1677இல் சிவாசியின் வசமான இக்கோட்டை, பின்னர் இராசாராமின் புகலிடமாயிற்று. நீண்ட முற்றுகைக்குப் பின் 1698இல் சுல்பிகர்கான் தலைமையிலான முகலாயப் படை இதனைக் கைப்பற்றியது. அதன்பின் புந்தேல இராசபுத்திரரான சொரூப்சிங் கோட்டையின் பொறுப்பை ஏற்றார். 1714இல் அவர் இறந்ததும் அவருடைய மகன் தேசுசிங் உரிமை கோரினார். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் அவ்வுரிமையை ஏற்கவில்லை. நிலுவைத் தொகையையும் கேட்டார். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் நடந்த போரில் தேசுசிங் மாண்டார். அப்போது அவருக்கு வயது 22 என்பர். சி. எசு. சீனிவாசாச்சாரியார் 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வழி வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூல் இந்நிகழ்வுகளை விரிவாகத் தொகுத்துரைக்கிறது.

மாதக் கணக்கில் மட்டுமே நீடித்த இந்த ஆட்சி, மக்கள் நினைவில் முந்நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. தேசுசிங் ‘தேசிங்கு’ ஆனார். தோழன் மகபத்கானின் பெயரும் பாடுவோர் நாவில் பல வடிவங்களைப் பெற்றது. கோட்டைக்குள் சாதத்துல்லாகானின் வெற்றியைக் குறிக்க எழுந்த பள்ளிவாசலும் இருக்கிறது. மகபத்கான் பெயரால் வழங்கும் பள்ளிவாசலும் இருக்கிறது. பகைவனுக்கும் தோழனுக்கும் ஒரே வகைக் கட்டடம் அமைந்திருப்பது, கதையின் படவுருவச் சிக்கலைக் கல்லிலேயே காட்டுவது போல் உள்ளது.

ஒரே உடையின் சிக்கல்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாய அரசின் கீழ்ப் பணியாற்றிய இராசபுத்திரரும் இசுலாமியரும் பெரும்பாலும் ஒரே வகையான அரசவை உடையை அணிந்தனர். ‘சாமா’ எனப்படும் நீண்ட மேலங்கி, இடையில் கட்டும் கச்சை, தலைப்பாகை, இடுப்பில் செருகிய கட்டாரி ஆகியவை இருசாராருக்கும் பொதுவானவை. முகலாய நுண்ணோவியங்களை ஆராய்வோர் இருசாராரையும் பிரித்தறியப் பயன்படுத்தும் அடையாளங்களுள் ஒன்று மிகச் சிறியது. மேலங்கியின் கட்டு இந்துக்களுக்கு இடப்பக்கத்திலும் இசுலாமியருக்கு வலப்பக்கத்திலும் அமைவது வழக்கம். ஒரு முடிச்சு இருக்கும் பக்கமே வேறுபாடு.

இதனை ஏற்றால், வரலாற்றுக்கு நெருக்கமாக வரையப்படும் படத்தில் தேசிங்கும் மகபத்கானும் நவாபின் படைத்தலைவரும் உடையளவில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றுவர். நாயகனைத் தமிழ் மன்னர்களின் பொதுவுருவத்திலும், தோழனைத் தாடியும் தொப்பியும் கொண்ட பொதுவுருவத்திலும் வரைவது எளிது. ஆனால் அது இரு வகையில் பிழைபடுகிறது. முதலாவதாக, அவ்விருவரும் பகிர்ந்துகொண்ட அரசவைப் பண்பாடு மறைகிறது. இரண்டாவதாக, தோழனுக்குக் கொடுத்த தாடியும் தொப்பியும் பகைவனின் வீரர்களுக்கும் செல்கின்றன. அப்போது மகபத்கான் பகைவர் கூட்டத்திலிருந்து விலகி வந்த ஒருவனாகத் தோன்றுகிறான். கதையோ அவனைத் தேசிங்கின் பக்கத்திலேயே தொடக்கம் முதல் நிறுத்துகிறது. தன் திருமணத்தைப் பாதியில் விட்டுப் போருக்கு வந்தவனாகப் பாடுகிறது. கதை சொல்லும் உறவைப் படம் மறுத்துவிடுகிறது.

அச்சுக்கட்டையும் வகையுருவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் சென்னையில் அச்சாகிச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் மலிவு விலையில் விற்ற பெரிய எழுத்துப் புத்தகங்கள் இக்கதையைப் பரவலாக்கின. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ (2004) இத்தகைய வெகுமக்கள் பதிப்புகளின் உலகத்தை ஆய்வுக்குள் கொண்டுவந்தது. குறைந்த செலவில் இயங்கிய இப்பதிப்புலகில் ஒவ்வொரு காட்சிக்கும் புதிய அச்சுக்கட்டை செதுக்குவது கட்டுப்படியாகாது. ஒரு கதைக்கு வெட்டிய அரசனின் உருவம் மற்றொரு கதைக்கும் அரசனாயிற்று. குதிரைவீரன், அரசவை, போர்க்களம் ஆகியனவும் அவ்வாறே இடம் மாறின.

இதனைக் குறையென மட்டும் கொள்வதற்கில்லை. பெரிய எழுத்துப் புத்தகம் பெரும்பாலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்கும் நூல். தனித்துவம் படிப்பவரின் குரலிலும் பாட்டின் அடைமொழியிலும் இருந்தது. படம் வகையை மட்டும் உணர்த்தினால் போதுமானதாக இருந்தது. ஆனால் மௌனமாகப் படிக்கும் படக்கதைக்கு இவ்வாய்ப்பு இல்லை. குரல் செய்த பணியை அங்கே கோடும் நிறமும் செய்தாக வேண்டும்.

வட்டார மரபின் விடைகள்

செஞ்சி வட்டாரத்தின் கலைமரபுகள் இதற்குத் தம் வழியில் விடை தந்துள்ளன. செஞ்சியை அடுத்த சிறுகடம்பூரில் உள்ள திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசைகளில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. அமர்நிலையும் அளவும் ஏறத்தாழ ஒன்றே. இங்கே ஒப்புமை திட்டமிட்டது: பற்றற்ற நிலையில் உடல்வேறுபாடு பொருளற்றது என்பதே அச்சிற்பங்கள் உணர்த்தும் கருத்து. அதே குன்றில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் கல்வெட்டும் உள்ளது. உருவத்தில் ஒருமையை நாடிய மரபு, பெயராலும் நாட்கணக்காலும் ஒரு தனிமனிதரைக் குறித்து வைத்திருக்கிறது.

மற்றொரு விடை தெருக்கூத்தில் கிடைக்கிறது. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரித் திரௌபதி கோயிலையும் அதனைச் சார்ந்த வழிபாட்டையும் ஆல்ஃப் கில்டபெய்டல் 1988இல் வெளியிட்ட நூல் விரிவாக ஆராய்ந்தது. பாரதக் கூத்தில் முடியின் அளவு, முகவண்ணம், புசக்கீர்த்தி ஆகியவை பாத்திரத்தின் வகையைச் சொல்கின்றன. ஆயினும் நடிகர் உடனே முழுமையாக வெளிப்படுவதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின் நின்று தன்னைப் பற்றிப் பாடுகிறார். கட்டியக்காரன் யாரெனக் கேட்கிறான். பெயரும் குலமும் செயலும் சொல்லப்பட்ட பிறகே திரை விலகுகிறது. வகையை ஒப்பனை தருகிறது. தனியாளை நுழைவு தருகிறது.

இதே வழிபாட்டில் முத்தாலராவுத்தன் என்னும் இசுலாமியக் காவல்வீரன் திரௌபதியின் காவலனாகப் போற்றப்படுகிறான். ‘இராவுத்தன்’ என்னும் சொல் குதிரைவீரனைக் குறித்தது. அவனைக் குதிரையோடும் காவற்பணியோடும் சேர்த்தே வழிபாடு நினைவில் வைத்துள்ளது. மகபத்கானின் உருவத்திற்கு இவ்வட்டாரத்திலேயே ஒரு முன்மாதிரி இருந்தது என்பது கருதத்தக்கது.

குதிரை என்னும் அடையாளம்

பாட்டு மரபு இன்னொரு வழியைக் கையாள்கிறது. தேசிங்கின் குதிரை பாராசாரி. மகபத்கானின் குதிரை நீலவேணி. தில்லியில் எவராலும் அடக்க இயலாத குதிரையைத் தேசிங்கு அடக்கிப் பெற்றான் என்பது கதையின் தொடக்க நிகழ்வு. நாயகன் யாரென்பதற்கு அங்கே அவனுடைய குலமோ முகமோ சான்றாகவில்லை. குதிரைக்கும் அவனுக்கும் ஏற்பட்ட உறவே சான்றாகிறது. குதிரைகளுக்குப் பெயரும் குணமும் கொடுத்ததன் மூலம் ஏறியவர்களின் தனித்துவத்தைப் பாட்டு உறுதி செய்தது. செஞ்சிக்கு அருகிலுள்ள நீலாம்பூண்டியில் மகபத்கானுக்கும் குதிரைக்கும் உரியவையாகச் சமாதிகள் காட்டப்படுவது இவ்வுறவின் நீட்சியாகும்.

படக்கதை ஓவியருக்கு இது நேரடியாகப் பயன்படும். உடை ஒன்றாக இருக்கும் இருவரைக் குதிரையின் நிறம், ஏறி அமரும் பாங்கு, கடிவாளம் பிடிக்கும் கை ஆகியவற்றால் பிரித்துக் காட்ட இயலும். இவை ஒருவரது சமயத்தைச் சொல்வன அல்ல. பழக்கத்தையும் மனநிலையையும் சொல்வன. அடங்காக் குதிரையை அடக்கிய இளைஞனின் அவசரமும், மணப்பந்தலிலிருந்து எழுந்து வந்தவனின் உறுதியும் அமர்நிலையிலேயே வேறுபட முடியும்.

தமிழ்ப் பத்திரிகை ஓவியத்தில் இதற்கு ஒப்பான சான்று உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் தொடராக வெளிவந்தபோது படம் வரைந்த மணியம், அழகியராகவே வருணிக்கப்படும் குந்தவையையும் நந்தினியையும் கொண்டை அமைப்பால் வேறுபடுத்தினார். இருவரும் ஒரே காலத்தவர், அரண்மனைச் சூழலுக்குரியவர். ஆயினும் கொண்டையைக் கண்டவுடன் வாசகர் ஆளை அறிந்தனர். பிற்காலத்தில் அப்பாத்திரங்களைக் கற்பனை செய்வோர்க்கும் அவ்வுருவங்களே வழிகாட்டின.

ஒரே முகம், இரு பாத்திரம்

1960இல் வெளிவந்த ‘ராஜா தேசிங்கு’ திரைப்படம் இச்சிக்கலை மறுதலையாக முன்வைத்தது. டி. ஆர். இரகுநாத் இயக்கிய அப்படத்தில் எம்.ஜி.ஆர். தேசிங்காகவும் தாவூத்கானாகவும் இரு வேடங்களில் நடித்தார். முகம் ஒன்று, சமயம் இரண்டு. இங்கே வேறுபாட்டைக் காட்டும் பொறுப்பு முழுவதும் உடை, ஒப்பனை, பேச்சு ஆகியவற்றின்மீது விழுகிறது. அதே வேளையில், உடையைக் களைந்தால் எஞ்சுவது ஒரே மனித முகம் என்பதையும் இவ்விரட்டை வேடம் அறிந்தோ அறியாமலோ காட்டிவிடுகிறது. நுண்ணோவியத்தின் இடவலக் கட்டு சொல்லும் செய்தியும் இதுவே.

இன்றைய தேவை

2025 சூலையில் ‘இந்தியாவின் மராத்தியப் படைத்தள நிலக்காட்சிகள்’ என்னும் தொகுதியில் அடங்கும் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியும் யுனெசுகோவின் உலக மரபுச்சின்னமாக ஏற்கப்பட்டது. செஞ்சியைப் பற்றிய சிறார் நூல்களும் விளக்கப் படங்களும் பெருகுவதற்கு இது வழிவகுக்கும். இந்தியப் படக்கதைகளில் நாயகர் வெளிர் நிறத்திலும் தீயோர் கருநிறத்திலும் வரையப்பட்ட போக்கை அமர் சித்திரக் கதை குறித்த ஆய்வுகள் ஏற்கெனவே சுட்டிக்காட்டியுள்ளன. செஞ்சிக் கதையில் அத்தகைய பகுப்பு நுழையுமானால் முதலில் இழப்புக்குள்ளாகும் பாத்திரம் மகபத்கானே. அவன் பகைவரின் சாயலைப் பெறுவான். அல்லது ‘நல்ல இசுலாமியன்’ என்னும் வகைக்குச் சான்றாகச் சுருங்குவான். இரண்டிலும் அவன் மகபத்கானாக இருப்பதில்லை.

பல சமயத்தவரையும் ஒரு சட்டகத்துக்குள் வரைந்துவிட்டால் பன்மை நிறைவுற்றது எனக் கருதுவது போதாது. அவ்வாறு வரைந்த ஒவ்வொருவருக்கும் தம் கூட்டத்தாரிடமிருந்தே வேறுபடும் கூறு ஒன்றேனும் வேண்டும். நவாபின் படையில் நிற்கும் இருவரும் ஒருவரையொருவர் ஒத்திருக்கக் கூடாது என்பது வரை இந்நெறி நீளும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. தேசிங்குராசன் கதையில் உடையைச் சமய அடையாளமாக மட்டும் கொள்வது வரலாற்றுக்கும் கதைக்கும் பொருந்தவில்லை. மலிவுப் பதிப்பின் வகையுரு, கேட்டு நுகரும் சூழலுக்குப் போதுமானதாக இருந்தது. காட்சியாகவே நுகரும் படக்கதைக்கு அது போதாது. செஞ்சி வட்டார மரபு தனித்துவத்தைப் பெயரிலும், நுழைவிலும், குதிரையோடும் தோழனோடும் கொண்ட உறவிலும் வைத்தது. எனவே தேசிங்கையும் மகபத்கானையும் ஒரே தன்மையான உடையில் துணிந்து வரைந்து, அமர்நிலையாலும் குதிரையாலும் செயலாலும் பிரித்துக் காட்டும் ஓவியமே வரலாற்றுக்கும் பாட்டுக்கும் ஒருசேர உண்மையாக இருக்கும்.