ஒலிச்சுவர்: கிரேட்ஃபுல் டெட் குழுவின் மேடை ஒலி அமைப்பு

கிரேட்ஃபுல் டெட் என்பது 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட ராக் இசைக்குழு. இக்குழு 1974இல் பயன்படுத்திய மேடை ஒலி அமைப்பு 'ஒலிச்சுவர்' என அழைக்கப்பட்டது. தெளிவான ஒலிக்காக எழுப்பப்பட்ட இச்சுவர், சில மாதங்களிலேயே குழுவால் சுமக்க முடியாத பாரமாகிவிட்டது.

பின்னணி

1960களில் ராக் இசை நிகழ்ச்சிகள் சிறு மன்றங்களிலிருந்து பெரிய விளையாட்டரங்குகளுக்கு இடம் பெயர்ந்தன. ஒலிக்கருவிகள் அந்த வேகத்தில் வளரவில்லை. 1965இல் நியூயார்க்கின் ஷியா அரங்கில் 55,000க்கும் மேற்பட்டோர் கூடியிருந்தபோது, ரசிகர்களின் கூச்சலில் பீட்டில்ஸ் குழுவினருக்குத் தாங்கள் வாசிப்பதே சரியாகக் கேட்கவில்லை. கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஒலிப்பொறியாளர் ஔஸ்லி ஸ்டான்லி இக்குறையைத் தீர்க்க விரும்பினார். அலெம்பிக் நிறுவனத்தின் பொறியாளர்கள் அவருடன் இணைந்து உழைத்தனர்.

அமைப்பு

பல இசைக்கருவிகளின் ஒலியை ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே ஸ்பீக்கர் வழியாக அனுப்பினால் அவை ஒன்றையொன்று கலங்கச் செய்யும். எனவே ஒவ்வொரு கருவிக்கும், பாடகர்களின் குரலுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர்களும் ஸ்பீக்கர் தொகுதிகளும் ஒதுக்கப்பட்டன. ஒலிகள் மின்கம்பிக்குள் கலக்காமல் காற்றில் மட்டுமே கலந்தன. ஃபில் லெஷின் பேஸ் கிட்டாரில் நான்கு தந்திகளின் ஒலியையும் தனித்தனி ஸ்பீக்கர்களுக்கு அனுப்ப முடிந்தது.

மெக்கின்டாஷ் ஆம்ப்ளிஃபயர்கள் மொத்தம் 26,000 வாட்டுக்கும் மேற்பட்ட ஆற்றலைத் தந்தன. சுமார் 600 ஸ்பீக்கர்கள் மூன்று மாடி உயரத்திற்கு அடுக்கப்பட்டன. ஸ்பீக்கர்களைச் செங்குத்து வரிசையில் அடுக்கினால் ஒலி மேலும் கீழும் சிதறுவது குறையும். தொலைவு கூடும்போது ஒலி தேய்வதும் மெதுவாகும். இதனால் சுமார் 600 அடிக்கு அப்பால் இருந்தவர்களுக்கும் இசை தெளிவாகக் கேட்டது.

மைக் ஊளைக்குத் தீர்வு

இச்சுவர் இசைக்கலைஞர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றது. ரசிகர்கள் கேட்ட ஒலியையே அவர்களும் கேட்டனர். ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. பள்ளி ஆண்டுவிழாவில் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் அது ஊளையிடுவதை நாம் அறிவோம். இங்கே எல்லா மைக்குகளும் ஸ்பீக்கர்களுக்கு முன்னால்தான் இருந்தன.

இதற்காக ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளைச் சேர்த்து வைத்து, ஒன்றின் மின்முனைகளை மாற்றி இணைத்தனர். பின்னாலிருந்து வரும் ஒலி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுந்து, ஒன்றையொன்று ரத்து செய்துகொண்டது. பாடகர் ஒரு மைக்கை மட்டும் நெருங்கிப் பாடியதால் அவர் குரல் தப்பிப் பிழைத்தது. ஆயினும் குரலின் கனம் சற்றுக் குறைந்தது.

முடிவு

முழு அமைப்பு 1974 மார்ச் 23 அன்று சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள கௌ பேலஸ் அரங்கில் அரங்கேறியது. அதன் எடை சுமார் 75 டன். அதைப் பொருத்தவும் பிரிக்கவும் நீண்ட நேரம் ஆனதால், ஓர் ஊரில் நிகழ்ச்சி நடக்கும்போதே அடுத்த ஊரில் மற்றொரு மேடையை எழுப்ப வேண்டியிருந்தது. எண்ணெய் நெருக்கடியால் எரிபொருள் விலை ஏறியிருந்த காலம் அது. லாரிச் செலவும் பணியாளர் சம்பளமும் வருவாயை விழுங்கின. செலவை ஈடுகட்ட இன்னும் பெரிய அரங்குகளை நாடவேண்டிய நிலை வந்தது. அதில் ரசிகர்களுடனான நெருக்கம் குறைந்தது.

1974 அக்டோபரில் விண்டர்லேண்ட் அரங்கில் ஐந்து இரவுகள் வாசித்தபின், குழு சுற்றுப்பயணத்தை நிறுத்தியது. 1976இல் மீண்டும் பயணம் தொடங்கியபோது ஒலிச்சுவர் உடன் வரவில்லை.

இன்று பெரிய மேடைகளின் இருபுறமும் வாழைத்தார் போல் தொங்கும் ஸ்பீக்கர் வரிசைகளும் இதே செங்குத்து அடுக்கு விதியின்படியே செயல்படுகின்றன. சுவர் ஓராண்டுகூட நிற்கவில்லை. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் இசை தெளிவாகக் கேட்கவேண்டும் என்ற அதன் நோக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.